‘இன்று பறக்க வேண்டாம்’ என்று சொல்லவும் தைரியம் வேண்டும்!



“பனியில ஹெலிகாப்டர் ஓட்டுறவன்தான்டா வீரன்” என்றான் விடுதி நண்பன் ஒருவன். என் கருத்து வேறு. பனியைப் பார்த்து, “இன்று வேண்டாம்” என்பவனும் வீரனே!

ஏன்? ஹெலிகாப்டரைத் தூக்குவது சுழலும் பிளேடுகளின் வடிவம். அவற்றில் பனிக்கட்டி படிந்தால் வடிவம் கெடும், எடை கூடும், தூக்குவிசை குறையும். ஒரு பிளேடில் மட்டும் கட்டி உதிர்ந்தால் வண்டியே உதறும்.

தரையிலும் ஆபத்து உண்டு. எஞ்சினுக்குக் காற்று போகும் வாயில் சேர்ந்த பனியை அகற்றாவிட்டால், அது உள்ளே போய் எஞ்சின் அணைந்துவிடலாம். கீழேயுள்ள ஸ்கிட் கால்களில் ஒன்று தரையோடு உறைந்திருந்தால், கிளம்பும்போது பக்கவாட்டில் கவிழ்ந்துவிடும். இறங்கும்போதோ, செம்மண் புழுதியில் லாரி கிளம்பினாற்போல் பனித்தூள் எழும்பும். சுற்றிலும் ஒரே வெள்ளை! ஒரு பாறையோ புதரோ கண்ணில் இருக்க வேண்டும். அது மறைந்தால் இறங்கவே கூடாது.

இதெல்லாம் தெரிந்தவர்களும் ஏன் விழுகிறார்கள்? 2013 மார்ச் 30 இரவு, அமெரிக்காவின் அலாஸ்காவில் டல்கீட்னா அருகே, ஒருவரை மீட்டுத் திரும்பிய போலீஸ் ஹெலிகாப்டர் விழுந்து மூவரும் இறந்தனர். வானிலை கெட்டும் விமானி தொடர்ந்து பறந்ததே காரணம் என்றது விசாரணை. எப்படியும் மீட்டுவிட வேண்டும் என்ற அவரது ஆர்வமும் அதற்குத் துணைபோனதாம். அதோடு நிற்கவில்லை. தண்டிப்பதையே வழக்கமாக வைத்திருந்த துறையின் போக்கும் ஒரு காரணம் என்றது!

அந்த விமானியைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். “பெரியவங்க சொன்னா எதுத்துப் பேசாதே, வேலை போயிடும்” என்பது அப்பா பட்டுக் கற்ற பாடம். போன விடுமுறையில் ஒரு பட்டறையில், மூடியில்லாத கிரைண்டரை ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினேன். வாய் திறக்கவில்லை. கை தப்பியது என் அதிர்ஷ்டம்.

நண்பர்களே! நாளை குனிந்து ஸ்கிட்டைப் பார்க்கப் போகிறவன் நம்மைப் போன்ற ஒரு டெக்னீஷியன்தான். “சார், இது இன்னிக்குக் கிளம்பக் கூடாது” என்று சொல்ல அவனுக்கு நா எழ வேண்டும். பிற்காலத்தில் நாம் ‘சார்’ ஆகும்போது, அப்படிச் சொன்னவனைத் திட்டாமல் கேட்க வேண்டும். டிப்ளமோ வாங்குவதோடு இதையும் கற்போம்!