மாட்டுக்குப் போட்ட வேலி

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் வழியில் ஒரு பால்பண்ணையில் மின்வேலி போட்டிருந்தார்கள். சூரியத் தகடு, பேட்டரி, இரண்டு வரிசைக் கம்பி. "சும்மா சுண்டி விடும், ஆளைக் கொல்லாது" என்றார் அங்கே வேலை செய்தவர். அவர் சொன்னது உண்மைதான். முறையான வேலிக் கருவி நொடிக்கு ஒருமுறை, கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்குத்தான் மின்சாரத்தைத் தள்ளும். வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் உடம்பில் இறங்குவது கொஞ்சம். மாடு ஒருமுறை மூக்கை வைத்துப் பார்க்கும், மறுமுறை வைக்காது.

கருவி வாங்காமல் வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பிக்கு இழுப்பவர்கள்தான் ஆபத்து. 230 வோல்ட் விடாமல் ஓடும், பிடித்த கையை எடுக்க முடியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படியொரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவுசெய்ய அரசு விதிகள் கொண்டுவந்தது. யானைக்காக விதி வந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவை காட்டையொட்டிய நிலங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பன்றிக்கு வைத்த கம்பியில் மனிதர் செத்த செய்தி மாவட்டப் பக்கத்தின் மூலையோடு முடிந்துபோகிறது. இருட்டில் அடுத்தவர் வரப்பில் நடக்க வேண்டியவர் யார்? எலி பிடிக்கப் போகும் இருளர், விடியுமுன் ஏரியில் இறங்க வேண்டியவர், காணாமல்போன ஆட்டைத் தேடுகிற சேரிப் பெண்.

மனிதரைத் தடுக்கவே மின்சாரம் பாய்ச்சியதும் இந்த மாநிலத்தில்தான். மதுரை உத்தப்புரத்தில் தலித்துகளைத் தடுத்து நின்ற சுவரின் மேல் மின்கம்பி ஓடியது 2008இல் வெளியே தெரிந்தது. கம்பியை எடுத்தார்கள். மே 6 அன்று சுவரில் ஒரு பகுதியை மட்டும் இடித்தார்கள்.

பழவேற்காடு ஏரியில் கம்பியே தேவைப்படவில்லை. 'பாடு' என்ற முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. ஏரியைக் காக்கும் மரபறிவு என்று ஆய்வாளர்கள் இதைப் பாராட்டுவார்கள். பாராட்டட்டும். ஆனால் அந்தச் சீட்டில் பட்டினவர் ஊர்களின் பெயர்தான் இருக்கிறது. தலித்துக்கும் இருளருக்கும் இடமில்லை. இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் சேற்றைக் கையால் தடவி இறால் எடுக்கிறார்கள். பட்டினவர்களும் துறைமுகங்களிடம் கரையைப் பறிகொடுத்தவர்கள்தான், அதை மறக்கவில்லை. பறிகொடுத்த வலி தெரிந்தவர்களிடம்தானே பங்கு கேட்க முடியும்?

நிலக் கதையும் இதே மண்ணில்தான் தொடங்கியது. இந்த ஏரிக்கரை அன்று செங்கல்பட்டு மாவட்டம். அதன் ஆட்சியர் டிரமென்கீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையால்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. சென்னை மாகாணமெங்கும் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அதில் எவ்வளவு இன்று யாருடைய வேலிக்குள் இருக்கிறது?

வேலி போடப் பட்டா வேண்டும். பட்டா இல்லாதவரின் ஒற்றைப் பசு முளைக்குச்சியில், மேய்க்கால் புறம்போக்கில் நிற்கிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் கம்பியைப் பத்தடி தள்ளி நட்டால் அந்தப் பசுவுக்குப் புல் இல்லை, ஏரிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையும் இல்லை. ஆக்கிரமிப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாட்டுக்குத்தானே போட்டிருக்கிறது!

பால்பண்ணைக்கு நான் எதிரியில்லை. வேலிக்கு முன் நிலத்தை அளக்க வேண்டும். பாதையைக் கிராம சபையில் எழுதி வைக்க வேண்டும். நேர் மின்சாரம் இழுத்தவரைக் கடலோர ஊரிலும் பிடிக்க வேண்டும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொடுக்க உங்கள் ஊரில் யார் எழுந்து நிற்கப்போகிறீர்கள்?