மோட்டாரை மாத்துறதுக்கு முன்னாடி...

"மோட்டாரு போயிருச்சுங்ணா. புதுசு போட்டுக்கலாங்."

சேலம், நாமக்கல் பக்கம் பழைய காரில் வைப்பர் நின்றுபோனால் பட்டறையில் முதலில் காதில் விழும் வசனம் இதுதான். சில சமயம் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே விழும். உடனே மெக்கானிக்கைத் திட்டக் கிளம்ப வேண்டாம். அவரை இப்படிப் பேச வைத்ததே கார் ஓனர்தான்.

கணக்கு ரொம்ப சிம்பிள். மோட்டார் மாற்றினால் பில்லில் மோட்டார் விலை என்று ஒரு வரி இருக்கும். ஓனர் பேசாமல் காசை எடுத்து வைப்பார். அதே மெக்கானிக் ஒரு மணி நேரம் மண்டையை உடைத்து, எர்த் ஒயர் முனையில் பச்சை பூத்திருப்பதைக் கண்டுபிடித்து, சுரண்டி முடுக்கிக் கொடுத்துவிட்டுக் கூலி கேட்டால்? "ஒரு நட்டு முடுக்குனதுக்கா இவ்ளோ?" பொருளுக்குக் காசு உண்டு, மூளைக்குக் கிடையாது. எது விலை போகுமோ அதைத்தானே யாரும் விற்பார்கள்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கூத்து இன்னும் அதிகம். 1998ல் கோவாவில் சான் மோட்டார்ஸ் கொண்டுவந்த சான் ஸ்டார்மையே எடுத்துக்கொள்ளுங்கள். ரெண்டே சீட்டு, ரெனால்ட் என்ஜின், ஃபைபர் பாடி. உற்பத்தி நின்று பல வருஷமாயிற்று. தகர பாடி கார்களில் பாடியே எர்த்தாக வேலை செய்யும். ஃபைபரில் கரண்ட் ஓடாது. எல்லாம் ஒயர் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்த ஒயரின் முனை கெட்டால் நல்ல மோட்டாரும் நொண்டும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறு கார் மோட்டாருக்கு பிராக்கெட் வெல்டிங் அடித்து மாட்டுவார்கள் (லாரி பாடி கட்டுகிற நாமக்கல்லில் வெல்டிங்குக்கா பஞ்சம்!). எர்த் அதே எர்த்தானே? அடுத்த மழையில் புது மோட்டாரும் நொண்டும்.

போதாததற்கு நம்ம ஊர் வெயில். மாசக்கணக்கில் வைப்பருக்கு வேலையே இருக்காது. ரப்பர் விறைத்துவிடும். ஸ்பிண்டில் கிரீஸ் காய்ந்து புழுதியோடு கட்டியாகிவிடும். ஐப்பசி மழையில் திடீரென்று சுவிட்சைப் போட்டால் மோட்டார் திணறி, கரண்டை அதிகம் இழுத்து, ஃபியூஸ் போகும். அடுத்து நடப்பதுதான் அக்கிரமம்! சிகரெட் பாக்கெட் ஜிகினாத்தாளைச் சுற்றி ஃபியூஸை மறுபடி சொருகுவது. இனிமேல் ஃபியூஸ் உருகாது, ஒயர் உருகும். டேஷ்போர்டுக்கு உள்ளே.

இத்தனைக்கும் பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும். லிங்கேஜை மோட்டாரிலிருந்து கழற்றிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். மோட்டார் விர்ரென்று சுற்றினால் அது நல்ல மோட்டார், இறுக்கம் ஸ்பிண்டிலிலோ புஷ்ஷிலோ. சுற்றாமல் முனகினால், மோட்டாரின் எர்த் முனையிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு நேராக ஒரு ஒயர் கொடுங்கள். வேகம் பிடித்தால் குற்றவாளி பழைய எர்த். சுவிட்சை அணைத்ததும் கண்ணாடி நடுவிலேயே நிற்கிறதா? கியர் டப்பாவுக்குள் இருக்கும் பார்க்கிங் கான்டாக்டைப் பாருங்கள். ஒரே ஒரு ஸ்பீடு மட்டும் இல்லையென்றால் சுவிட்சு, இல்லை கார்பன் பிரஷ். இதையெல்லாம் பார்த்த பிறகும் ஓடவில்லையா, தாராளமாக மோட்டாரை மாற்றுங்கள்.

மூளைக்குக் காசு தராத வியாதி நம்ம ஊரோடு நிற்பதில்லை. விட்டுவிட்டு அடிக்கும் வைப்பருக்கு 1967ல் அமெரிக்கப் பேட்டன்ட் வாங்கியவர் ராபர்ட் கெர்ன்ஸ். ஃபோர்டு கம்பெனியின் வாதம் என்ன தெரியுமா? அதில் இருப்பதெல்லாம் ஏற்கெனவே உள்ள பாகங்கள்தானே, புதுசா என்ன இருக்கு என்பது! வருஷக்கணக்கில் கேஸ் நடந்து, கடைசியில் 1990ல் 1 கோடி டாலருக்கு மேல் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. "ஒரு நட்டு முடுக்குனதுக்கா இவ்ளோ" என்பதன் ஆங்கில வடிவம்.

தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் தொப்பூர் கணவாயில், முன்னாடி சரக்கு லாரி, மேலே கொட்டும் மழை, நடுக் கண்ணாடியில் செத்து நிற்கும் வைப்பர். அங்கே புது மோட்டார் பில்லைக் காட்டி என்ன செய்வது? அடுத்த தடவை பட்டறைக்குப் போகும் ஓனர் வண்டியை விட்டு இறங்கியதுமே சொல்லட்டும்: "மொதல்ல என்ன கோளாறுன்னு பாருங்ணா. பாக்கறதுக்கும் கூலி தர்றேன்."