ஆத்து வியூ, பக்கத்துல மெட்ரோ: வாங்கறதுக்கு முன்னாடி அங்கேயே வாடகைக்கு இருந்து பாருங்க



ஹோம் லோன் பத்தி வீடியோ போட்டதுலேருந்து ஒரே மாதிரி கேள்வி திரும்பத் திரும்ப வருது. ஒருத்தர் எழுதினதை அப்படியே சுருக்கித் தர்றேன். "மேடம், எனக்கு 29 வயசு. நானும் வைஃபும் சேர்ந்து மாசம் 1.6 லட்சம் கையில வாங்கறோம். மணப்பாக்கம் பக்கம் அடையாறு ஓரமா ஒரு புராஜெக்ட். பால்கனியில நின்னா ஆறு தெரியும். நடக்கற தூரத்துல மெட்ரோ வருது. ஐ.டி. பார்க் பத்து நிமிஷம். 2 பி.ஹெச்.கே. 95 லட்சம். இந்த மாசம் புக் பண்ணாதான் இந்த ரேட்டாம். வாங்கலாமா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். இப்ப வாங்காதீங்க. ஏரியா பிடிச்சிருந்தா அங்கேயே வாடகைக்குப் போங்க. ரயில் ஓடட்டும். ரெண்டு மழைக்காலம் போகட்டும். அதுக்கப்புறமும் பிடிச்சிருந்தா தாராளமா வாங்குங்க.

ஆத்தங்கரை வளரக் கூடாதுன்னு நான் சொல்லல. அடையாறு சுத்தமாகி, கரையில நடக்க இடம் வந்து, ரயில் வந்து, ஆபீஸ் வந்தா சென்னைக்கு நல்லதுதான். அடையாற்றைச் சீரமைக்கிற திட்டத்தை தமிழக பட்ஜெட்லயே அறிவிச்சிருக்காங்க. ஆனா ஊருக்கு நல்லதுங்கறது வேற, உங்க ஈ.எம்.ஐ.க்கு நல்லதுங்கறது வேற. இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நம்ப வெச்சுத்தான் பிரோஷர் விக்குது.

முதல்ல பணம் போட்டவருக்கு என்ன ஆச்சு?

லண்டன்ல தேம்ஸ் நதிக்கரையில பழைய துறைமுகம் இருந்த இடம் கேனரி வார்ஃப். இன்னிக்கு பெரிய பெரிய பேங்க்கெல்லாம் அங்க இருக்கு. ஆத்தங்கரை, ஆபீஸ், அபார்ட்மெண்ட், ரயில் எல்லாம் சேர்ந்தா எப்படி இருக்கும்னு கேட்டா எல்லாரும் காட்டற உதாரணம் அதுதான்.

ஆனா அதைக் கட்டின ஒலிம்பியா அண்ட் யார்க்ங்கற கனடா கம்பெனி 1992-ல கடன்ல மூழ்கிடுச்சு. காரணம் பல இருந்தாலும் ஒண்ணு ரொம்ப முக்கியம்: கட்டடம் ரெடி, ரயில் ரெடி இல்ல. 1987-லயே ஒரு சின்ன ரயில் ஓட ஆரம்பிச்சிருந்தது, ஆனா அவ்வளவு பெரிய ஆபீஸ் கூட்டத்துக்கு அது பத்தல. நம்பி இருந்த ஜூபிலி லைன் அங்க வந்து சேர்ந்தது 1999-ல. அதுக்கப்புறம் அந்த இடம் எங்கேயோ போயிடுச்சு. திட்டம் ஜெயிச்சுது, முதல்ல பணம் போட்டவங்க தாங்கல.

நம்ம நாட்டுல சபர்மதியைப் பாருங்க. அகமதாபாத்ல ஆத்தங்கரைத் திட்டத்துக்குன்னு தனி நிறுவனம் ஆரம்பிச்சது 1997. கரையில நடைபாதை மக்களுக்குத் திறந்தது 2012. மெட்ரோ ஆத்தைத் தாண்டி ஓடினது 2022. மொத்தம் 25 வருஷம்! உங்க ஹோம் லோன் 20 வருஷம். ஊருக்கு இருக்கற பொறுமை உங்க பேங்குக்கு இருக்காது. அஞ்சாம் தேதி ஆனா பணம் எடுத்துடுவாங்க.

சென்னைக் கதையும் அதேதான். மெட்ரோ முதல் கட்ட வேலை ஆரம்பிச்சது 2009. கோயம்பேடு–ஆலந்தூர் முதல் ரயில் ஜூன் 2015. திட்டமிட்ட 45 கி.மீ. முழுசா ஓட பிப்ரவரி 2019 ஆச்சு. வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில் இணைப்பு இன்னும் நல்ல பாடம். மொத்தமே சுமார் 5 கி.மீ. 2008-ல ஆரம்பிச்ச வேலை, ஆதம்பாக்கத்துல கிட்டத்தட்ட 500 மீட்டர் நிலப் பிரச்சினையால பத்து வருஷத்துக்கும் மேல நின்னுது. "ஸ்டேஷன் வருது"ன்னு அந்த ஏரியாவுல அப்ப வீடு வாங்கினவங்க எத்தனை ஈ.எம்.ஐ. கட்டியிருப்பாங்கன்னு யோசிங்க.

இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ., 63,246 கோடி ரூபாய். மத்திய அமைச்சரவை ஒப்புதல் வந்தது அக்டோபர் 2024-ல. கண்டிப்பா வரும், சந்தேகமே இல்ல. ஆனா உங்க வீட்டுப் பக்கத்து ஸ்டேஷன் எந்த மாசம் திறக்கும்னு பில்டர் எழுதித் தரமாட்டார். ரெராவுல அவர் தர்ற தேதி கட்டடத்துக்கு மட்டும்தான். ஆனா ரயிலுக்கான விலையை இப்பவே வாங்கிக்கறார்.

ஆத்து வியூவுக்கு மாசம் எவ்வளவு?

ஒரு உதாரணக் கணக்கு போடலாம். அதே சைஸ் வீடு, ரெண்டு கி.மீ. உள்ள தள்ளி 80 லட்சம்னு வெச்சுக்கோங்க. ஆறும் மெட்ரோவும் சேர்ந்து 15 லட்சம் கூடுது. 8.5% வட்டி, 20 வருஷம்னா இந்த 15 லட்சத்துக்கு மட்டும் மாசம் சுமார் 13,000 ரூபாய். கடைசியில நீங்க கட்டி முடிக்கறது 31 லட்சத்துக்கு மேல. ரயில் வந்தாலும் வராட்டாலும், ஆறு நாறினாலும் மணந்தாலும் இந்த 13,000 நிக்காது.

"மேடம், காத்திருந்தா விலை ஏறிடுமே?" நியாயமான கேள்வி. அதையும் கணக்கா பார்ப்போம்.

95 லட்சம் வீடு. 20 லட்சம் கையிலேருந்து, 75 லட்சம் கடன். ஈ.எம்.ஐ. சுமார் 65,000. நாலு வருஷத்துல 31 லட்சத்துக்கு மேல கட்டியிருப்பீங்க. அதுல அசல் குறைஞ்சது எவ்வளவு தெரியுமா? சுமார் 6.8 லட்சம். மீதி எல்லாம் வட்டி.

அதே நாலு வருஷம் 25,000 வாடகையில இருந்து, மிச்சம் 40,000-ஐ 6.5% ஆர்.டி.யில போட்டா கையில சுமார் 21.8 லட்சம். அசல் குறைஞ்ச 6.8-ஐக் கழிச்சா வாடகைக்காரர் 15 லட்சம் முன்னாடி. அந்த 20 லட்சம் எஃப்.டி.யில இருந்தா இன்னும் 5.9 லட்சம். கட்டிட்டு இருக்கற வீட்டுக்கு 5% ஜி.எஸ்.டி., அதாவது 4.75 லட்சம். கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் வந்த வீட்டை வாங்கினா அந்த ஜி.எஸ்.டி. கிடையாது.

மொத்தம் கிட்டத்தட்ட 25 லட்சம். அப்படின்னா வீட்டு விலை நாலு வருஷமும் வருஷத்துக்கு ஆறு சதவீதத்துக்கு மேல ஏறினாத்தான் அவசரமா வாங்கினவர் முன்னாடி வருவார். ஏறலாம், ஒத்துக்கறேன். ஏறினா, "கொஞ்சம் அதிகம் குடுத்தேன், ஆனா கண்ணால பார்த்து வாங்கினேன்"னு நினைச்சுக்கோங்க.

(எளிமைக்காக டெபாசிட் வட்டி மேல வரி, வாடகை ஏற்றம், கடன் தவணையா ரிலீஸ் ஆகறது, வீடு கைக்கு வர்ற வரை நீங்க கட்டற வாடகை இதையெல்லாம் சேர்க்கல. உங்க நம்பரைப் போட்டு நீங்களே பாருங்க.)

வரிச் சலுகையை நம்பி இறங்காதீங்க. புது வரி முறையில, நீங்க குடியிருக்கற வீட்டோட கடன் வட்டிக்குக் கழிவே இல்ல. பழைய முறையில 2 லட்சம் வரை உண்டு. ஆனா கடன் வாங்கின நிதியாண்டு முடிஞ்சு அஞ்சு வருஷத்துக்குள்ள வீடு கட்டி முடியலேன்னா அந்த 2 லட்சம் 30,000 ஆயிடும். தாமதம் பில்டரோடது, தண்டம் உங்களோடது.

ஆறு திரும்பி வந்த ராத்திரி

2015 டிசம்பர்ல நான் சைதாப்பேட்டையில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ஆர்ட்டிகிள்ஷிப்ல இருந்தேன். ஆபீஸ் கீழ்த் தளம். ஒண்ணாம் தேதி செம்பரம்பாக்கத்துலேருந்து நொடிக்கு 29,000 கனஅடி தண்ணி திறந்தாங்கன்னு அரசுக் கணக்கு. நாங்க உள்ள போக முடிஞ்சப்போ ஃபைல் எல்லாம் சேத்துல கூழா கிடந்தது. ஒரு வாரம் ஃபேன் போட்டு வவுச்சர் காய வெச்சோம்.

எங்க கிளையன்ட் ஒருத்தர், கோட்டூர்புரத்துல கீழ்த் தளத்துல வீடு வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. "லோனோட இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கேன்மா, கிளைம் பண்ணிடலாம்"னு நம்பிக்கையா வந்தார். பாலிசியைப் பிரிச்சுப் பார்த்தா அது அவர் உயிருக்கான கவர். அவர் போயிட்டா கடனை அடைக்கும், அவ்வளவுதான். வீட்டுக்கு ஒரு ரூபாய் கிடையாது. ஃப்ரிட்ஜ், கட்டில், வயரிங் எல்லாம் போச்சு. அந்த மாசம் அஞ்சாம் தேதி ஈ.எம்.ஐ. மட்டும் கரெக்டா போயிருந்தது. பாஸ்புக்ல அந்த வரியைக் காட்டி அவர் சிரிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு.

2018-ல வெளிவந்த சி.ஏ.ஜி. அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதரால் வந்த பேரிடர்னே சொல்லிச்சு. தணிக்கை பண்றவங்க அந்த வார்த்தையைச் சும்மா எழுத மாட்டாங்க.

சபர்மதியில நடந்தது அடையாத்துல அப்படியே நடக்கும்னு நினைக்காதீங்க. அங்க கரையோரம் தேங்கி நிக்கற தண்ணியே நர்மதா கால்வாய்லேருந்து வர்றது. அடையாறு வருஷத்துல பல மாசம் சாக்கடை மாதிரிதான் ஓடும். வடகிழக்குப் பருவமழையில ரெண்டு நாள் மட்டும் ஏரிகளோட உபரித் தண்ணி மொத்தமும் அதுலதான் வரணும். அந்த ரெண்டு நாளுக்குத்தான் அதுக்கு அகலம் வேணும். புது டவருக்காக மண் கொட்டி லெவல் ஏத்தினா உங்க பார்க்கிங் தப்பிக்கலாம், தண்ணி பக்கத்துத் தெருவுக்குப் போகும். அடுத்த டவர் இன்னும் உசத்திக் கட்டினா அப்ப நீங்கதான் பக்கத்துத் தெரு.

இன்னொரு விஷயம், கணக்குல எங்கயும் வராதது. இந்தக் கரையில குடிசை போட்டு இருந்தவங்களை 2015 வெள்ளத்துக்கு அப்புறம் "உங்க பாதுகாப்புக்குத்தான்"னு சொல்லி பெரும்பாக்கத்துக்கு அனுப்பினாங்க. அதுவும் சதுப்பு நிலத்தை ஒட்டின இடம்தான். வேலை இங்க, வீடு அங்க. குடிசைக்கு ஆபத்தான கரை, அபார்ட்மெண்ட்டுக்கு மட்டும் எப்படி பிரீமியம் லொகேஷன் ஆகும்? ஆபத்துன்னா ரெண்டு பேருக்கும் ஆபத்து. இல்லேன்னா அவங்களை ஏன் அனுப்பணும்? இந்தக் கேள்விக்கு பதில் சொல்லிட்டு ஆத்தங்கரையை வளர்க்கட்டும், நானும் கை தட்டறேன்.

அப்படியும் வாங்கியே ஆகணும்னா

1. நீர்வளத் துறை அந்த புராஜெக்ட்டுக்குக் குடுத்த வெள்ளம் சம்பந்தமான தடையில்லாச் சான்றைக் கேட்டு வாங்கிப் படிங்க. தரை மட்டம் எவ்வளவு உயரம் இருக்கணும்னு நிபந்தனை அதுல இருக்கும். "அதெல்லாம் இருக்கு சார்"னு வாயால சொன்னா எழுந்து வந்துடுங்க.

2. எதிர்த் தெரு டீக்கடையில, அயர்ன்காரர்கிட்ட கேளுங்க: 2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்தது? 2023 மிக்ஜாம் புயல்ல? சுவத்துல கையை வெச்சே காட்டுவாங்க.

3. வீட்டுக்குத் தனியா இன்ஷூரன்ஸ் எடுங்க. பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில வெள்ளம் கவர் ஆகும். காருக்கு எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் சேருங்க. பேஸ்மெண்ட் பார்க்கிங்னா கட்டாயம்.

4. மெட்ரோவே வரலேன்னு வெச்சு ஒரு தடவை முடிவு பண்ணிப் பாருங்க. அப்பவும் அந்த விலை சரின்னு தோணினா மட்டும் கையெழுத்து போடுங்க.

எனக்கு எழுதின அந்தத் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். "ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வாங்கிட்டாங்க மேடம், நாங்க மட்டும் வாடகையில"ன்னார். புரியுது. ஆனா அந்த ஃப்ரெண்ட்ஸ் உங்க ஈ.எம்.ஐ.யைக் கட்ட மாட்டாங்க. ஊர் மாற இருபது வருஷம் ஆகலாம், அதுவரைக்கும் அந்த ரிஸ்க்கை ஊரே சுமக்கட்டும். நீங்க அந்த பால்கனியை மாசம் 25,000-க்கு எடுத்துட்டு, மழை வரும்போது எட்டிப் பாருங்க.

நீங்க ஆத்தங்கரையோரம் வீடு வாங்கியிருந்தா, 2015-லயும் 2023-லயும் என்ன நடந்ததுன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்து வாங்கப் போறவருக்கு என் கணக்கை விட அது உபயோகமா இருக்கும்.