கலப்பு வண்டிக்கும் ஒரு பரீட்சை வேண்டும்

ஒரு கம்பெனியின் எஞ்சினை எடுத்து, வேறொரு கம்பெனியின் ஃபிரேமில் ஏற்றி, மூன்றாவது வண்டியிலிருந்து கழற்றிய சக்கரத்தையும் பிரேக்கையும் அதற்குப் பூட்டி, வேகத்துக்கென்றே ஒரு மோட்டார் சைக்கிளைச் சிருஷ்டிக்கிறவனைக் கண்டால், காயலான் கடைச் சரக்கு என்று நம்மவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நம் நாட்டுச் சட்டமோ அவனைக் குற்றவாளியாகவே பாவிக்கிறது. சிரிப்பவர்களை விட்டுவிடலாம். சட்டத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

இந்த வித்தையின் மேன்மையை அறிய விரும்புகிறவர்கள், 1950-களிலும் 1960-களிலும் இங்கிலாந்தில் டிரையம்ஃப் எஞ்சினையும் நார்ட்டன் ஃபிரேமையும் சேர்த்துச் செய்யப்பட்ட 'டிரைட்டன்' வண்டியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெல்ஃபாஸ்ட் நகரத்து ரெக்ஸ் மெக்காண்ட்லெஸ் வகுத்தளித்த 'ஃபெதர்பெட்' ஃபிரேமை நார்ட்டன் கம்பெனி 1950-இல் தன் பந்தய வண்டிகளுக்கு அமைத்துக்கொண்டது. அவ்வருஷமே ஐல் ஆஃப் மேன் தீவின் சீனியர் டி.டி. பந்தயத்தில் ஜெஃப் டியூக் அவ்வண்டியில் ஜயம் பெற்றார். வளைவுகளில் ஆட்டம் காணாத ஃபிரேம் என்ற கீர்த்தி அதற்கு உடனே உண்டாயிற்று. மறுபுறம், எட்வர்ட் டர்னர் 1937-இல் 500 சி.சி.யாக வெளியிட்டுப் பின்னர் 650 சி.சி. வரை வளர்ந்த டிரையம்ஃப் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின், எளிதில் கிடைப்பதாகவும், கைதேர்ந்தவன் மேலும் சக்தி கூட்ட இடங்கொடுப்பதாகவும் இருந்தும், அதற்கென்று அக்கம்பெனியே செய்த ஃபிரேம் அந்தச் சக்தியைத் தாங்கத் தடுமாறியது. அக்காலத்து 500 சி.சி. ஃபார்முலா 3 கார்ப் பந்தயக்காரர்களோ, நார்ட்டன் கம்பெனி தன் மேங்க்ஸ் எஞ்சினைத் தனியாக விற்க இசையாததால், முழு வண்டியையும் வாங்கி, எஞ்சினை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சியதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். நல்ல ஃபிரேம் ஒரு பக்கம் எஞ்சினில்லாமல் கிடக்க, நல்ல எஞ்சின் மறுபக்கம் தகுந்த ஃபிரேமில்லாமல் தவிக்க, இரண்டையும் சேர்த்து வைக்கும் யோசனை ஒருவருக்குத் தோன்றாமலிருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் சேர்த்து வைப்பது லகுவான காரியமன்று. நார்ட்டன் எஞ்சினுக்கென்று போட்ட துளைகளில் டிரையம்ஃப் எஞ்சின் உட்காராது. ஆகையால் கனத்த அலுமினியத் தகடுகளை அறுத்து, துளையிட்டு, அவற்றின் மூலமாகவே எஞ்சினையும் கியர் பாக்ஸையும் ஃபிரேமோடு பிணைக்க வேண்டும். டிரைட்டனின் பெருமை முழுவதும் இந்தத் தகடுகளில் அடங்கியிருக்கிறது என்பேன். எஞ்சினுக்குக் கீழே மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, அட்டையில் மாதிரி வெட்டிப் பார்த்து, எஞ்சின் சற்று முன்னே போனால் முன் சக்கரத்தின்மேல் எவ்வளவு பாரம் கூடும், பின்னே வந்தால் திருப்பத்தில் கைப்பிடி எப்படி லேசாகிவிடும் என்றெல்லாம் ஆலோசித்து, கியர் பாக்ஸின் பல்சக்கரமும் பின் சக்கரத்தின் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி செய்தாலொழிய, செயின் பற்களைத் தின்றுவிட்டு ஒருநாள் வேகத்தில் கழன்றுகொள்ளும். இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் அந்த எஞ்சினின் நடுக்கமோ போல்ட்டைத் தளர்த்தும். டாங்கின் பிடிமானத்தில் கீறல் விழச் செய்யும். இவ்வளவையும் முன்கூட்டியே நினைத்துப் பார்க்கிறவனை மெக்கானிக் என்பதைவிட என்ஜினீயர் என்பதே பொருந்தும்.

இப்படிப்பட்ட வண்டி ஒன்றில்தான் லண்டனைச் சேர்ந்த டேவ் டெகன்ஸ், ரெக்ஸ் புட்சரோடு மாறி மாறி ஓட்டி, 1965-இல் பார்சிலோனாவின் மோன்ட்ஜூயிக் 24 மணி நேரப் பந்தயத்தில் வெற்றி பெற்றார். நார்த் சர்க்குலர் ரோட்டிலுள்ள ஏஸ் கஃபேயில் கூடிப் பொதுச் சாலைகளில் பந்தயம் விட்ட இளைஞர்களால் டிரைட்டனுக்குக் கெட்ட பெயரும் வந்தது உண்மை. அது ஓட்டியவர்களின் குணதோஷம், வண்டியினுடையதன்று.

இது அந்நிய தேசத்துச் சமாசாரம் என்று ஒதுக்கவும் வழியில்லை. 1970-களில் கவாசாகி முதலிய ஜப்பானிய எஞ்சின்களுக்கு அவற்றின் சொந்த ஃபிரேமைவிட உறுதியான ஃபிரேம்களைச் செய்து பெயர் பெற்ற ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் என்ற பிரிட்டிஷ் பட்டறையை, 2015-இல் வாங்கியது நம் சென்னையின் ராயல் என்ஃபீல்டுதான். இன்று நம் சாலைகளில் ஓடும் அக்கம்பெனியின் 650 சி.சி. வண்டிகளின் ஃபிரேம் வடிவமைப்பில் அந்தப் பட்டறையின் கைவண்ணம் இருக்கிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்குப் பதிவுச் சான்றிதழ் மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. நோக்கத்தில் குறையில்லை. காதைப் பிளக்கும் சைலன்ஸர்காரர்களிடம் எனக்குச் சிறிதும் அனுதாபம் கிடையாது. திருட்டு வண்டியின் உறுப்புகள் இவ்வழியில் கரைந்துபோகும் என்ற போலீஸாரின் கவலையும் நியாயமே. ஆனால் வண்டி பத்திரமானதா என்று கேட்க வேண்டிய இடத்தில், அது பிறந்த தொழிற்சாலை எது என்று மட்டும் கேட்டுவிட்டுச் சட்டம் நின்றுவிடுகிறது. புதிய மாடலைப் பரிசோதித்துச் சான்று தர, புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற ஸ்தாபனங்கள் இருக்கின்றன. அவற்றின் முறையும் செலவும் ஆயிரக்கணக்கில் வண்டி செய்யும் கம்பெனிக்கு ஏற்றவை, புதுப்பேட்டையில் உறுப்பு தேடி ஒற்றை வண்டி செய்கிறவனுக்கு எட்டாதவை.

பிரிட்டனில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே தனி வண்டி ஒன்றையே பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம். பிரேக், விளக்கு, சத்தம், புகை, கூரிய விளிம்பு என்று பலவற்றையும் பார்த்துத் தேறினால் சான்று கொடுக்கிறார்கள். வயதோ பூர்வீகமோ நிச்சயப்படாத வண்டிக்கு 'க்யூ' எழுத்தில் தொடங்கும் பதிவெண் வழங்கி, வாங்குகிறவன் ஏமாறாதபடியும் செய்திருக்கிறார்கள். மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் இப்படியொரு பரீட்சையை இங்கேயும் ஏற்படுத்த வேண்டும். எஞ்சின் எண்ணுக்கும் சேசிஸ் எண்ணுக்கும் ரசீது கேட்கட்டும், கட்டணமும் வாங்கட்டும், தேறாத வண்டியைத் தயவு தாட்சண்யமின்றித் திருப்பியனுப்பட்டும். தேறிய வண்டிக்கு மட்டும் ஆர்.சி. புத்தகம் கொடுக்க மறுக்க வேண்டாம்.