‘பழகிடும்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்



உங்களில் மூன்று பேர் ஆசையாக ரோடு பைக் வாங்கினீர்கள். மூன்று பேரும் ஓட்டுவதை நிறுத்திவிட்டீர்கள். ஒருவன் வண்டியில் இப்போது துண்டு காய்கிறது. சர்க்கரைக்கு டாக்டர் சொன்னார் என்று 35,000 ரூபாய் கொடுத்து வாங்கியது! கேட்டால், “கழுத்து வலிக்குது சார், வயசாயிடுச்சு” என்கிறான். வயது 38. வயசாகவில்லையடா, வண்டி பெரிது. உனக்கு 52 அளவு போதும். கடையில் இருந்தது 56. “ஓட்ட ஓட்டப் பழகிடும்” என்று தலையில் கட்டிவிட்டார்கள்.

இந்தப் ‘பழகிடும்’ மீதுதான் எனக்குக் கோபம். குரங்குப் பெடல் போட்டு வளர்ந்தவர்கள் அல்லவா, அதனால் நம்பிவிடுகிறோம். வாடகை சைக்கிளில் பாருக்குக் கீழே காலை விட்டு மிதித்தது பத்து வயதில், அரை மணி நேரம். நாற்பதை நெருங்கும்போது வளைந்த ஹேண்டில்பாரில் குனிந்து கோமுகி அணை வரை போய்த் திரும்புவதும் அதுவும் ஒன்றா? அந்தக் காலக் கடைக்காரர்கூட ஆளைப் பார்த்து, “22 இஞ்சா, 24 இஞ்சா” என்று கேட்டுத்தான் வண்டியை இறக்கினார். பள்ளியில் அரசு கொடுத்த இலவச சைக்கிளை வந்த அளவிலேயே வாங்கிக்கொண்டோம், சரி. எத்தனை பெண் பிள்ளைகளை அது பன்னிரண்டாம் வகுப்பு முடிக்க வைத்தது! கைக்காசு போட்டு வாங்குவதற்கும் அதே பணிவு எதற்கு?

கள்ளக்குறிச்சியிலோ நம் தியாகதுருகத்திலோ ஒரு கடைக்காரர் நான்கு அளவில் ரோடு பைக் வாங்கி அடுக்க முடியாது. முதல் முடங்கிவிடும். அதை நான் குறை சொல்லவில்லை. “இல்லை, வரவழைத்துத் தருகிறேன்” என்று சொல்லலாமே! நாமும் இன்றைக்கே வேண்டும் என்று நிற்காமல் இருக்கலாமே! கல்யாணப் புடவைக்குக் காஞ்சிபுரம் வரை போகிறவர்கள்தானே நாம்.

சீட்டை ஏற்றி இறக்கினால் போதும் என்பார்கள். சீட் உயரம் காலுக்கு. கழுத்தும் மணிக்கட்டும் வலிப்பது ஹேண்டில்பார் எட்டாததால். ஸ்டெம் மாற்றி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைக்கலாம், அதற்குமேல் வண்டியின் பிடிமானம் மாறும். இரண்டு அளவுக்கு நடுவில் திண்டாடினால் பெரும்பாலும் சின்னதே நல்லது. சின்ன ஃபிரேமில் சீட்டை உயர்த்தலாம், பெரிய ஃபிரேமை அறுக்க முடியுமா?

கடைக்குப் போகும் முன் வெறுங்காலில் சுவரோடு சாய்ந்து நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடையிடுக்கில் மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளக்கச் சொல்லுங்கள். அதை 0.883-ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 70.6. பெடல் சுற்றும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை ஏறக்குறைய அவ்வளவு வர வேண்டும். எந்த ஃபிரேம் என்பதற்கும் அதே கால் அளவையும் உங்கள் உயரத்தையும் வைத்துத்தான் கம்பெனியின் அளவுப் பட்டியலைப் பார்க்க வேண்டும். பிறகு அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள், கடை வாசலில் ஒரு சுற்று போதாது.

துண்டு காய வைப்பவனே, வண்டியை விற்றுவிடு. அளவெடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா, சென்னைக்கு நானும் வருகிறேன். பஸ் சார்ஜ் உன்னுடையது.