பழவேற்காட்டின் பழைய நாடாக்கள்

தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களிலும் திருமணங்களும் அம்மன் திருவிழாக்களும் வி.எச்.எஸ். நாடாக்களில் பதிவாயின. உப்புக்காற்றில் அவை பூஞ்சை பிடித்து அழிகின்றன. பட டிஃப்யூஷன் மாதிரிகளைக் கொண்டு அவற்றைப் புதுப்பிக்கலாம் என்கிறார்கள். நமக்கும் அதில் ஆர்வம் உண்டு. கூடவே ஓர் ஐயமும் உண்டு.

இம்மாதிரிகள் கோடிக்கணக்கான நிழற்படங்களைப் பயின்றவை. வெறும் இரைச்சலிலிருந்து தொடங்கி, படிப்படியாக அதை நீக்கி, சிதைந்த படத்துக்குப் பொருந்தக்கூடிய ஒரு தெளிந்த படத்தை வரைகின்றன. அதாவது, தொலைந்ததை மீட்பதில்லை, ஊகிக்கின்றன. நம் நாட்டு வீடியோவில் விநாடிக்கு 25 சட்டகங்கள். ஒவ்வொன்றையும் தனியே ஊகித்தால், ஒன்றில் சதுரமாயிருந்த வலைக்கண் அடுத்ததில் சாய்சதுரமாகும். படகில் எழுதிய பெயர் துடிக்கும். ஆயாவின் முகம் நெளியும்.

இதைத் தீர்க்க வழிகள் வந்துள்ளன. எல்லாச் சட்டகங்களுக்கும் ஒரே இரைச்சலைக் கொடுப்பது ஒன்று. அண்டைச் சட்டகங்களையும் சேர்த்துப் பார்க்கச் செய்வது மற்றொன்று. ஒவ்வொரு புள்ளியும் எங்கே நகர்ந்தது எனக் கணித்து, முந்தைய விடையை அடுத்ததற்கு எடுத்துச் செல்வது மூன்றாவது. 2023-இல் வெளியான 'அப்ஸ்கேல்-எ-வீடியோ' கடைசி இரண்டையும் இணைத்தது.

துடிப்பு நின்றுவிட்டால் போதுமா? போதாது என்பதே நம் கருத்து. ஒரு சட்டகத்தில் கோடு விழுந்து மறைந்த எழுத்து அடுத்ததில் தெரியக்கூடும். அங்கிருந்து எடுத்து நிரப்பினால் அது சாட்சியத்தின்மேல் நிற்கும் தொடர்ச்சி. எந்தச் சட்டகத்திலும் இல்லாத எழுத்தை ஒருமுறை ஊகித்து, அதையே இறுதிவரை இழுத்துச் சென்றால் அது பிழையின் தொடர்ச்சி. துடிப்பாவது ஊகத்தைக் காட்டிக்கொடுத்தது. அசையாத பிழையை யார் சந்தேகிப்பார்?

பழவேற்காட்டில் இது வெறும் அழகியல் சிக்கலன்று. எவர், எந்நாளில், எவ்விடத்தில் வலையிடுவது என்பதைப் 'பாடு' முறை சுழற்சியில் வகுக்கிறது. ஏரியின் முகத்துவாரமோ மணல் மேவி அடைபடுவது. கட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை மீனவர்கள் எதிர்த்தபோது கரையரிப்பு முதன்மையான வாதமாயிருந்தது. கரை எங்கே இருந்தது, வலைக்கழி எங்கே நட்டிருந்தது என்பதற்குத் திருவிழா நாடாவின் பின்புலமும் ஒருநாள் சான்றாகலாம். அங்கே, வேறெங்கோ கற்ற கடற்கரையை மாதிரி வரைந்து வைத்தால் இழப்பு யாருக்கு?

ஆகவே, புதுப்பிக்குமுன் நாடாவை உள்ளபடியே எண்ணிமப்படுத்திப் பத்திரப்படுத்த வேண்டும். அண்டைச் சட்டகங்கள் தருவதை முதலில் எடுக்க வேண்டும். ஊகித்து நிரப்பிய பகுதிகள் எவை என்பதைப் படத்தோடு குறித்து வைக்க வேண்டும். வீட்டில் பார்ப்பதற்கு ஆயாவின் முகம் தெளிவாக இருக்கட்டும். அதைப் பார்க்கும் பேரப்பிள்ளைக்கு, அதில் எவ்வளவு ஆயா, எவ்வளவு எந்திரம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.