மெலிவும் வலிவும்

நீண்ட பெயரைச் சுருக்கி அழைப்பது உலக வழக்கு. சுருக்குங்கால் எப்பாதி எஞ்சுகிறது, எப்பாதி மறைகிறது என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ‘பியானோ’ என்பது அவ்வாறு பாதியை இழந்த பெயர்களுள் ஒன்று.

அதன் முழுப்பெயர் ‘பியானோபோர்ட்டே’. இத்தாலிய மொழியில் ‘பியானோ’ என்றால் மெல்ல. ‘போர்ட்டே’ என்றால் வலிய. இப்பெயர் அமைந்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகோர்டு என்னும் கருவியில், கட்டையை அழுத்தினால் இறகுத் தண்டொன்று தந்தியைச் சுண்டும். விரலை மெல்ல வைப்பினும் ஓங்கி வைப்பினும் ஓசையின் அளவு ஏறத்தாழ ஒன்றே. புளோரன்ஸ் நகரத்து மெடிச்சி அரண்மனையிற் பணிபுரிந்த பார்த்தொலொமேயோ கிறிஸ்தோபோரி (1655 – 1731) இக்குறையைத் தீர்த்தார். சுண்டும் தண்டுக்குப் பதிலாகச் சிறு சுத்தியலை அமைத்தார். அது தந்தியைத் தட்டியவுடன் விலகிவிடும்; தந்தி தடையின்றி ஒலிக்கும். விரலின் விசைக்கேற்ப ஓசை தணியும், உயரும். 1700ஆம் ஆண்டின் அரண்மனைப் பொருட்பட்டியல், மெலிவும் வலிவும் தரும் கருவியென்றே இதனைக் குறிக்கின்றது. அவர் செய்த பியானோக்களுள் மூன்று இன்றும் உள்ளன. 1720இற் செய்யப்பட்டது நியூயோர்க் நூதனசாலையில் இருக்கின்றது.

இனிச் சொல்லின் வேரைக் காண்போம். இலத்தீன் மொழியில் ‘பிளானுஸ்’ என்றால் மேடுபள்ளமற்றது, சமமானது. இத்தாலியர் வீட்டின் மாடித் தளத்தையும் ‘பியானோ’ என்றே சொல்வர். சமம் என்னும் பொருள் நிதானத்துக்கும், பின்னர்த் தணிந்த ஓசைக்கும் விரிந்தது. தமிழிலும் இத்தகைய விரிவு உண்டன்றோ? ‘மெல்ல நட’ என்பது வேகத்தையும், ‘மெல்லப் பேசு’ என்பது ஓசையையும் குறிக்கும். நம் முன்னோர் இசையின் மூன்று தானங்களை மெலிவு, சமன், வலிவு என்றனர். இவை ஒலியின் பருமையையன்றிச் சுருதியின் தாழ்வு உயர்வையே சுட்டுவன. எனினும் பியானோவின் வேர்ப்பொருள், வழக்குப்பொருள், இழந்த பாதி ஆகிய மூன்றுக்கும் தமிழ்ப்பெயர் இம்மூன்று சொற்களிலேயே கிடைத்துவிடுகின்றது.

சொற்கள் கடல் கடந்து உருமாறுவது இழிவன்று. எஹலியகொடப் பக்கத்துத் தோட்டங்களிலே வழங்கும் ‘பிரட்டு’, ‘கொந்தரப்பு’ முதலியவற்றை ஆங்கிலத்தின் சிதைவென்று நகைப்போர் உளர். அவற்றைச் சொல்லக் கூசும் மாணவரும் உளர். ‘பிரட்டு’ என்பது படையினரின் அணிவகுப்பைக் குறித்த ‘பரேட்’ என்னும் சொல்லே. வைகறையிலே தப்பொலி கேட்டெழுந்து, அன்றைய வேலையை ஏற்க வரிசையில் நின்ற மக்களின் வரலாறு முழுதும் அவ்வொரு சொல்லில் அடங்கியிருக்கின்றது. வேறு தூய சொல் எதனைக் கொண்டு அதனை உணர்த்த முடியும்?

பியானோ இழந்த பாதியை அகராதிகள் காத்து வைத்திருக்கின்றன. தோட்டத்துச் சொற்களை எழுதி வைப்போரோ சிலரே. மாணவர்களே, உங்கள் இல்லத்து முதியோரிடம் அவற்றைக் கேட்டு ஏட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் மெல்லச் சொல்வதிலும் வலிவு உண்டு.